புது முழங்கால், பழைய நடை

1

இந்தக் கதை ஒரு தப்பான ஊகத்தில் பிறந்தது. ஊகம் என்னுடையது.

தோள்பட்டை இறுகிப்போய், கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல், ஒரு பிசியோதெரபி நிலையத்தில் என் முறைக்காக உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு தம்பதி கைகோத்தபடி உள்ளே வந்தார்கள். இருவருக்கும் ஐம்பதைத் தாண்டிய வயது. கணவர் இடது காலைத் தாங்கித் தாங்கி நடந்தார். 'பாவம், மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர் போலிருக்கிறது' என்று நினைத்து, பக்கத்து நாற்காலியிலிருந்த என் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவர் எனக்கு நன்றி சொன்னார். சொல்லிவிட்டு, அந்த நாற்காலியில் மனைவியை உட்காரவைத்தார். அந்த அம்மா உடையைக் கொஞ்சம் உயர்த்தி முழங்காலைச் சொறிந்துகொண்டார். இடது முழங்கால். அதன் நடுவே மேலிருந்து கீழாக, ஜிப் வைத்துத் தைத்தது போல நேரான தழும்பு.

நான் பார்த்தது இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் நான் இட்டுக்கட்டியது. நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை. கொஞ்ச தூரம் கூட வந்தால் போதும்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"அறுவை அரங்கின் விளக்குகள் எரிந்தன. மயக்க மருந்தின் நெடி அவள் மூக்கில்—"

அடித்துவிட்டேன். முழங்கால் அறுவைக்குப் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்கிறார்கள். நெடியும் இல்லை, மூக்குக்கு வேலையும் இல்லை.

"வலி என்பது—"

இதையும் அடித்தேன். அப்படித் தொடங்கும் வாக்கியத்தை வலி இல்லாத நேரத்தில்தான் எழுத முடியும்.

"அவரை எல்லோரும் மீட்டரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்."

இது நிற்கிறது. வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு வரும் வேலை அவருக்கு. மனிதக் கண்ணுக்கே படாத இடமாகத் தேடிப் பிடித்துத்தான் மீட்டரை மாட்டியிருப்பார்கள்: மாடிப்படிக்கு அடியில், சைக்கிள்களுக்குப் பின்னால், நாய் கட்டியிருக்கும் மூலையில். மீட்டரக்காவின் வேகத்துக்கு, நாய் யோசித்துக் குரைப்பதற்குள் அவர் அடுத்த வீட்டில் இருப்பார். பிறகு முழங்கால் தேய்ந்தது. அலுவலகம் அவரைப் புகார் கவுன்ட்டரில் உட்காரவைத்தது.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அறுவை வேண்டாம் என்று பயந்த மனைவியை, "நீ பழையபடி தெருவுல இறங்கி நடக்கணும்" என்று சொல்லிச் சொல்லியே சம்மதிக்கவைத்தவர். அறுவை முடிந்து மாதங்கள் ஆகிவிட்டன. இப்போது அலுவலகம் கேட்கிறது: தெரு வேலைக்குத் திரும்புகிறீர்களா, கவுன்ட்டரே நிரந்தரமா? இந்த வாரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

[சொன்ன பதிலை மாற்ற முடியாது என்று வைத்துக்கொள்கிறேன். மாற்ற முடியும் என்றால் நாம் எல்லோரும் இப்போதே எழுந்து போய்விடலாம்.]

3

கதையைச் சற்று நிறுத்திவிட்டு முழங்காலைப் பற்றிச் சொல்கிறேன். எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் ஒரு சபலம்.

'மூட்டு மாற்று' என்ற பெயரைக் கேட்டதும், கதவுக் கீல் போல மூட்டை முழுசாகக் கழற்றிவிட்டு வேறொன்று மாட்டுவார்கள் என்று தோன்றும். அப்படியில்லை. தொடையெலும்பின் கீழ் நுனியையும் கால் எலும்பின் மேல் நுனியையும் மெல்லிசாகச் சீவி, பல்லுக்குத் தொப்பி போடுவது போல உலோகத்தால் மூடுகிறார்கள். நடுவில், தேய்ந்த குருத்தெலும்பின் இடத்தில், வழுவழுப்பான கெட்டிப் பிளாஸ்டிக் தகடு. மாறுவது இவ்வளவே. சுற்றியிருக்கும் தசைகள் பழையவை. வலிக்குப் பயந்து அந்தக் காலில் அரை மனதாக ஊன்றி, மற்றக் காலுக்கு அவசரமாகத் தாவிப் பழகியவை. உள்ளே புதுச் சரக்கு வந்திருக்கும் சேதியை அவற்றுக்கு யாரோ பொறுமையாகச் சொல்ல வேண்டும். பிசியோ சொல்கிறார்.

அறுவை நன்றாக முடிந்தும் மனம் நிறையாதவர்கள் எங்கும் உண்டு. மருத்துவர் எவ்வளவு மடங்குகிறது என்று கோணத்தைப் பார்க்கிறார். நோயாளி, எங்கே போக ஆசைப்பட்டேன், போனேனா என்று பார்க்கிறார். இரண்டும் ஒரே முழங்கால்தான்.

4

"அக்கா, சூப்பர்," என்றார் பிசியோ, கோணமானியை முழங்காலிலிருந்து எடுத்தபடி. "இதுக்கு மேல மடங்கினா சர்க்கஸ்ல கூப்பிடுவாங்க. வலி?"

"இல்ல."

"வீக்கம்?"

"இல்ல."

"அப்ப ஆபரேஷன்ல திருப்திதானே?"

"அவ்வளவா இல்ல."

கணவரின் முகத்தில்— (முகம் வேண்டாம். எழுதினால் அழவைத்துவிடுவேன்.) கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"என்னக்கா குறை?"

"நடை இன்னும் வரல. கவுன்ட்டர்லயே இருந்துக்கறேன்னு சொல்லிடலாம்னு இருக்கேன்."

"நான்தான் இவ உசுர வாங்கினேன்," என்றார் கணவர், தரையைப் பார்த்து. "பண்ணிக்கோ பண்ணிக்கோன்னு. பயந்தா. கேட்டேனா?"

"உங்களையா கேட்டாங்க? சும்மா இருங்க."

5

இங்கே எனக்குப் பிசியோ மீது சந்தேகம் வருகிறது. கோணமானி வைத்திருக்கும் இந்தப் பெண் எல்லாவற்றையும் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிட்டால், கதை அவருடையதாகிவிடும். அதனால் என்னைப் போலவே அவரையும் முதலில் தப்பாக ஊகிக்கவைக்கிறேன்.

"எங்க, வராந்தாவுல நடந்து காட்டுங்க," என்கிறார்.

மீட்டரக்கா எழுகிறார். கணவரும் எழுகிறார், கை தானாகப் போய் மனைவியின் முழங்கையின் கீழ் உட்கார்ந்துகொள்கிறது. மெதுவாகப் போய், மெதுவாகத் திரும்பி வருகிறார்கள். பிசியோ பார்த்துக்கொண்டே, "தொடைத் தசை இன்னும் வலுவாகணும். பயிற்சியைக் கூட்டிடலாம்" என்கிறார். தப்பு. தசையில் குறை ஒன்றும் இல்லை. பிறகு, சும்மா பேச்சுக்குக் கேட்கிறார்:

"அது சரி, மாமா, உங்க கால்ல என்ன?"

(மீட்டரக்காவை அக்கா என்று கூப்பிட்ட பிறகு அவர் மாமாதானே.)

"எனக்கா? எனக்கு ஒண்ணுமில்லையே."

"பொய்!" என்றார் மீட்டரக்கா. "எத்தனை நாளா நொண்டுறாரு தெரியுமா பாப்பா? டாக்டரப் பாருங்கன்னா பேச்சை மாத்துறாரு. இவரை இப்படி விட்டுட்டு நான் தெருத்தெருவா போய் மீட்டர் பாக்கவா?"

"நான் எங்க நொண்டுறேன்? நீ மெதுவா வர்றியேன்னு நான் மெதுவா வர்றேன்."

"நான் எங்க மெதுவா வர்றேன்? நீங்க மெதுவா வர்றீங்கன்னுதான் நான்..."

வராந்தாவில் யாரோ இருமினார்கள். அநேகமாக நானாக இருக்கும்.

6

இது எப்படி நடந்திருக்கும்? ரொம்ப எளிது. வீட்டிலுள்ள ஒருவரோடு செய்து பார்க்கலாம்.

வலிக்கும் காலில் நாம் ஊன்றி நிற்கும் நேரம் குறைவு, நல்ல காலில் அதிகம். அதனால் நடையின் தாளம் கோணலாகிறது. அப்படி நடப்பவரோடு கைகோத்து நீங்கள் நேராக நடந்தால் தோளும் தோளும் இடித்துக்கொள்ளும். இடிக்காமல் இருக்க ஒரே வழி, அவர் சாயும்போது நீங்களும் சாய்வது. வருஷக்கணக்கில் கடைக்கும் மருத்துவமனைக்கும் அப்படி நடந்தால், அது உங்கள் நடையாகவே ஆகிவிடும். மனைவிக்குக் கால் நேரானது. கணவருக்கு அந்தத் தகவல் போகவில்லை. அவர் சாய்ந்துகொண்டே இருந்தார்; தோள் இடிக்கக் கூடாதே என்று அந்த அம்மாவும் சாய்ந்தார்.

இதைப் பாசம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். நான் கொஞ்சம் விளக்கிச் சொல்ல ஆசைப்பட்டேன்.

7

முடிவுகள்.

ஒன்று: மறுநாளே மீட்டரக்கா தெருவில் இறங்குகிறார், கணவர் வாசலில் நின்று சிரிக்கிறார். விளம்பரப் படம் போலிருக்கிறது, வேண்டாம்.

இன்னொன்று: கணவருக்குச் சோதனை செய்து பார்த்தால் அவர் மூட்டும் உண்மையிலேயே தேய்ந்திருக்கிறது. நடக்கக்கூடியதுதான். ஆனால் இந்த அம்மாவுக்கு அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. கிழித்துப்போட்டேன்.

மிச்சம் இருப்பது இது.

பிசியோ கணவரை உட்காரவைத்து இரண்டு முழங்காலையும் மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார். "மாமா, உங்களுக்குப் பழக்கம்தான். நோய் இல்ல. அக்கா, நீங்க தனியா ஒரு தடவ நடங்க."

மீட்டரக்கா நடந்தார். முதலில் கணவர் வழக்கமாகக் கூட வரும் பக்கமாகத் தோள் கொஞ்சம் சாய்ந்தது, அங்கே யாரும் இல்லை, நிமிர்ந்துகொண்டது. அவ்வளவுதான், வராந்தா முடிந்துவிட்டது. அந்தக் கோடியில் மூச்சுகூட வாங்காமல் திரும்பி நின்றார்.

"ஏங்க, வாங்க."

"நீ அங்கேயே இரு, நான் வந்து கைய—"

"கை வேண்டாம். நேரா நடந்து வாங்க. நீங்க நல்லா இருக்கீங்கன்னு என் கண்ணால பாக்கணும். பாத்தா இப்பவே ஆபீஸுக்குப் போன் போட்டு, தெருவுக்கே வர்றேன்னு சொல்லிடறேன். இல்லன்னா கவுன்ட்டர்தான்."

கணவர் எழுந்து நின்றார். கால்களைப் பார்த்தார். கல்யாணமான புதிதில் மனைவியின் வேகத்துக்கு ஓடியே பழகியவர். பிறகு மனைவியின் வலிக்குச் சாய்ந்து பழகியவர். தனக்கென்று ஒரு நடை இருந்ததா என்றே அவருக்கு நினைவில்லை.

"எந்தக் காலை முதல்ல வைக்கணும்?" என்று பிசியோவிடம் கேட்டார்.

"எதுவானாலும் சரி மாமா."

அவர் இடது காலைத் தூக்கிவிட்டார். நான் பேனாவை மூடிவிட்டேன். அந்தக் கோடியில் மீட்டரக்கா போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். தூக்கிய கால் அந்தரத்தில் இருக்கிறது. அதிக நேரம் அப்படி நிற்க அவரால் முடியாது. நீங்கள்தான் ஊன்றிவைக்க வேண்டும்.