கடைசியாகச் சேர்ந்தவள்

கீழே காலண்டர் அச்சடிக்கும் மிஷின் ஓட ஓட, மாடியில் போட்டிருந்த பெஞ்சு அதிர்ந்துகொண்டிருந்தது. ஆசிரியர் சங்கச் செயலாளர் செல்வக்குமாருக்காக மத்தியானத்திலிருந்து காத்திருந்தாள் பொன்னுத்தங்கம். பக்கத்தில் சுப்புலட்சுமி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பட்டாசு வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்காகத் தாயில்பட்டியில் நடந்த சிறப்புப் பள்ளிக்கு இவர்கள் இருவரும்தான் ஆசிரியைகள். பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், இனி ஒருவர் போதும் என்று உத்தரவு வந்திருந்தது.

யார் போவது என்பதற்குச் சங்கத்தில் விதி உண்டு. கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும். அதிகாரிகள் தங்களுக்கு வேண்டியவர்களை வைத்துக்கொண்டு மற்றவர்களைக் கழித்துக்கட்டிய காலத்தில், அந்த விதிக்காகத் தொண்டை கட்டக் கத்தியவளே பொன்னுத்தங்கம்தான்.

பள்ளி தொடங்கிய நாளிலிருந்து அவள் இருக்கிறாள். ஆனால் பிரசவத்துக்கு லீவு கிடையாது என்றார்கள். வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு நின்றாள். பள்ளியை மூடிவிடக் கூடாதே என்று, வீட்டில் சும்மா இருந்த சுப்புலட்சுமியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வேலையில் சேர்த்துவிட்டாள். பிள்ளை தவழ்ந்ததும் இரண்டாவது ஆசிரியையாகத் திரும்பச் சேர்ந்தாள். அந்தக் கணக்கில் சுப்புலட்சுமி மூத்தவள், இவள் இளையவள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதைதான்.

செயலாளர் வந்ததும், பிரசவத்துக்கு முந்தைய வருடங்களையும் சேர்த்துக்கொள்ள முடியாதா என்று கேட்டாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"ஒங்களுக்காக வளைச்சோம்னா, நாளைக்கு ஆபீசர்மாரு அவுக இஷ்டத்துக்கு வளைப்பாக டீச்சர். நீங்க சொன்னதுதான?"

அவள் சொன்னதுதான். பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

படியிறங்கும்போது சுப்புலட்சுமி அழுதுவிட்டாள். "நான் நின்னுக்கிடுறேன்னு சொல்லணும்க்கா. வீட்ல அவுக படுக்கையில கெடக்காக. எப்பிடிச் சொல்ல?"

"ஒன்னைய யாருடி நிக்கச் சொன்னா?" என்றாள் பொன்னுத்தங்கம். அவளை வெறுக்கக்கூட முடியாமல் போனதுதான் கொடுமை.

வருடத்தின் நடுவில் எந்தப் பள்ளியிலும் இடமில்லை. தீபாவளி சீசனுக்குப் பட்டாசுக் கம்பெனிகள் மட்டும் ஆள் தேடின. திங்கட்கிழமை விடியலில் தெருமுனைக்கு வந்தாள். இத்தனை வருடமும் அங்கேதான் கம்பெனி வேனை மறித்து, சீட்டுக்கு அடியில் ஒளிந்த பிள்ளைகளை இறக்கிப் பள்ளிக்குக் கூட்டிப்போவாள். அவளைக் கண்டதும் டிரைவர் பாண்டி தானாகவே பிரேக் போட்டான்.

"சத்தியமா இன்னைக்குப் புள்ளைக யாரும் இல்ல டீச்சர். வேணும்னா ஏறிப் பாருங்க."

பொன்னுத்தங்கம் மதியச் சோறு இருந்த தூக்குவாளியை இடுக்கிக்கொண்டு ஏறினாள். உள்ளேயிருந்த பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

அவள் இறங்கட்டும் என்று பாண்டி வேனை எடுக்காமல் காத்திருந்தான்.