கோடு போகும் வழி

இந்தக் கை எனக்கு வாய்த்திருக்கக் கூடாதா? முழு ஆளெல்லாம் வேண்டாம். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை போதும். மீதிக்கு என்னிடம் இருப்பதை வைத்து ஒப்பேற்றிக்கொள்வேன்.

வாய்விட்டு அவள் சொன்னது இவ்வளவுதான்: "அக்கா, டீ ஆறுது."

ஊசியக்கா நிமிரவில்லை. கீழிருந்து வெளிச்சம் வரும் கண்ணாடி மேசைமேல் கறுப்புப் பிலிம் நீளமாகக் கிடந்தது. கேமராவுக்குள் ஒருநாளும் போகாத பிலிம். இடது கை அதை மெல்ல இழுக்க, வலது கையிலிருந்த ஊசி அந்தக் கறுப்பைக் கீறிக்கொண்டே வந்தது. கீறிய இடத்தில் மட்டும் வெளிச்சம் கசிந்தது. புரொஜெக்டரில் ஓட்டினால் அது சுவரில் ஒரு வெள்ளைக் கோடாக நிமிர்ந்து நிற்கும். தள்ளாடும், மெலியும், ஓரத்துக்குப் போய் விழுந்துவிடப்போவதுபோல் பயம்காட்டிவிட்டுத் திரும்பும். படம் முழுக்க அந்த ஒரு கோடுதான். இரண்டு வருடமாக ஊசியக்கா அதை நடக்கவைத்துக்கொண்டிருந்தாள்.

அழைப்புமணி அலறியது. ஊசி துள்ளிற்று.

டீ கொண்டுவந்தவள் ஓடிப்போய்க் கதவைத் திறந்து கூரியர்காரரிடம் பார்சலை வாங்கிக்கொண்டு திரும்பியபோது, ஊசியக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தத் துள்ளலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போச்சாக்கா?"

"எது போச்சு?"

"அந்த இடம். வெட்டி எடுத்துட்டு ஒட்டிடலாமா?"

"எதுக்கு? அவர் வந்தாரா இல்லையா?"

"வந்தார்."

"அப்ப இருக்கட்டும்." ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஊசியை வைத்தாள். கோடு, திடுக்கிட்டவர்கள் சுதாரித்துக்கொள்வதுபோல, கொஞ்ச தூரம் சின்னச்சின்னதாக நடுங்கி, பிறகு தன் போக்கில் போயிற்று.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது அவள் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தாள். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிவிட்டாள்.

அவள் படிக்கும் கல்லூரியில் மூன்றாம் வருடத்துப் பிள்ளைகள் ஒரு பருவம் முழுக்க வெளியே எங்காவது வேலை பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் விளம்பரக் கம்பெனிகளுக்கு அடித்துப்பிடித்துக்கொண்டு போனார்கள். அவள் மட்டும் மருந்துக்கடைக்கு மேலே இருந்த இந்த இரண்டு அறைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். முன்னறையில் புத்தக அட்டைகள் வடிவமைக்கும் தம்பி. பின்னறையில் பரிசோதனைப் படங்கள் செய்யும் அவருடைய அக்கா, ஊசியக்கா.

அவளுடைய அம்மாவுக்கு இது பிடிபடவே இல்லை. அம்மா தையல்கடை வைத்திருந்தாள்; ஜிப் மாற்றுவது, நீளம் குறைப்பது, இடுப்பைப் பிடித்துத் தருவது. வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டே விசாரணை நடத்துவாள்.

"படம்னா, யாரு நடிக்கிறா?"

"யாரும் நடிக்கலம்மா. ஒரு கோடு."

"கோடு என்ன பண்ணும்?"

"நடக்கும்."

"நடந்து எங்க போகும்?"

"தெரியலையே."

"அந்த அக்காவுக்காவது தெரியுமா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். "அவங்களுக்கும் தெரியாதுன்னுதான் நினைக்கிறேன்."

"நல்ல இடமாப் பாத்துத்தான் சேந்திருக்க," என்று அம்மா குண்டூசியை எடுத்துத் துணியில் குத்தினாள்.

ஊசியக்காவின் தம்பியை எல்லோரும் அளவுகோல் என்றுதான் கூப்பிட்டார்கள். முடியளவு இடைவெளி கூடினால்கூட அவருடைய கண்ணுக்கு உறுத்தும். அட்டையை அச்செடுத்துச் சுவரில் தலைகீழாக ஒட்டிவிட்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு தூரத்தில் போய் நிற்பார்.

"படிக்காத. படிச்சா எழுத்து உன்ன ஏமாத்திடும். வெறுமனே பாரு. எங்க ஓட்டை தெரியுது?"

முதல் வாரம் அவளுக்கு எந்த ஓட்டையும் தெரியவில்லை. பிறகு ஒரு மத்தியானம் திடீரென்று தெரிந்தது. தலைப்பின் நடுவில், இரண்டு எழுத்துகளுக்கிடையே பல் விழுந்த வாய்போல ஒரு சந்து. அவள் கையை நீட்டிக் காட்டியதும் அளவுகோல் தன் நாற்காலியிலிருந்து எழுந்து அவளை அதில் உட்காரச் சொன்னார். அந்த ஒரு எழுத்தை நகர்த்தியும் மறுபடி நகர்த்தியும் பொழுது சாய்ந்தது. கடைசியில் அது உட்கார்ந்த இடத்தைப் பார்த்தபோது, இத்தனை நாளும் தான் எதையும் பார்க்காமலேதான் இருந்திருக்கிறோமோ என்று அவளுக்குக் கூச்சமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் கடைப் பலகைகளெல்லாம் பல் விழுந்து சிரித்தன.

அந்தக் கண்ணை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனதுதான் வினையாகிவிட்டது.

படத்தின் தலைப்பைக் கீறும் வேலையை ஊசியக்கா அவளிடம் கொடுத்திருந்தாள். ஒரு நொடி ஓட இருபத்துநான்கு சின்னக் கட்டங்கள் வேண்டும். தலைப்பு சுவரில் படிக்கும்படி நிற்க வேண்டுமென்றால், அதே எழுத்துகளைக் கட்டத்துக்குக் கட்டம் திரும்பத்திரும்பக் கீற வேண்டும். அவள் மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்தாள். மெல்லிய தகரத்தில் எழுத்துகளை வெட்டி, அந்தத் தகட்டை ஒவ்வொரு கட்டத்தின்மேலும் வைத்து, துளைவழியே ஊசியை ஓட்டினாள். ஒன்றுக்கொன்று முடியளவும் பிசகவில்லை. இதைவிடச் சுத்தமாக யாரும் செய்திருக்க முடியாது என்ற நினைப்போடு புரொஜெக்டரில் மாட்டினாள்.

சுவரில் எழுத்துகள் வந்தன. நின்றன. அப்படியே நின்றன. பிறகு படம் தொடங்கி, கோடு உயிரோடு ஆடிக்கொண்டு வந்தது.

புரொஜெக்டர் ஓடி நின்றது.

"ரொம்ப நல்லா இருக்கு," என்றார் அளவுகோல். "பேங்க் வாசல்ல போர்டு மாதிரி."

ஊசியக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "டேய், சும்மா இரு. பாவம், கை வலிக்க வலிக்கச் செஞ்சிருக்கா." பிறகு அவள் பக்கம் திரும்பி, "எழுத்து மூச்சு விடலடி. நீ ஒவ்வொரு தடவையும் புதுசா எழுதியிருந்தா அது லேசா நடுங்கியிருக்கும். நீ எழுதவே இல்ல. தகடுதான் எழுதியிருக்கு."

அன்றிலிருந்து அவளுக்குத் 'தகடு' என்று பெயர் விழுந்தது. அளவுகோலுக்கு டீ வேண்டுமென்றால், "தகடு, தண்ணி கொதிக்குதா பாரு" என்பார். அவளுக்கு வலித்ததா என்றால், இல்லை. பெயர் வைத்துக் கூப்பிடும் அளவுக்குத் தன்னை வீட்டில் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள் என்று உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சிதான்.

தகட்டைத் தூக்கி எறிந்துவிட்டுக் கையை நம்பினாள். தலைப்பை மறுபடி கீறினாள். இந்தமுறை எழுத்துகள் குளிரில் நிற்பவைபோல நடுங்கின. ஊசியக்கா தலையாட்டினாள். அதற்குப் பிறகு அவளைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. வெட்டிப்போட்ட துண்டுப் பிலிம்களைப் பொறுக்கிக்கொண்டு ஊசியக்கா உட்காரும் சாய்வில் உட்கார்ந்தாள். அவள் மூச்சை அடக்கும் இடத்தில் தானும் அடக்கினாள். பழைய சுருள்களை லென்ஸ் வைத்துப் பார்த்து, கோடு எங்கே தடிக்கிறது, எங்கே இழைகிறது என்று விரலால் தடவித்தடவி மனப்பாடம் செய்தாள். அம்மாவின் கடையில் உட்கார்ந்து பழைய துணியில் சாக்பீஸால் அந்தக் கோட்டைப் போட்டுப் பார்த்தாள். "துணிய வீணாக்காத" என்று அம்மா பிடுங்கிக்கொண்டாள்.

படம் முடிய இன்னும் ஒரு நிமிட நீளம் பாக்கியிருக்கையில் ஊசியக்கா கையை உடைத்துக்கொண்டாள்.

பழுது பார்த்து வாங்கிவந்த புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு ஏறியவள் கடைசிப் படியைக் கவனிக்கவில்லை. விழும்போதும் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்ததில், பெட்டிக்குக் கீறல் இல்லை. வலது மணிக்கட்டுக்குக் கட்டு.

"பெட்டிய விட்டுட்டு விழுந்திருக்கலாம்ல?" என்று அளவுகோல் கத்தினார்.

"கைக்குக் கட்டுப் போடலாம். லென்ஸுக்கு எங்க போய்ப் போடுவ?"

படம் வரும் சனிக்கிழமை பெரிய அரங்கில் திரையிட ஏற்பாடாகியிருந்தது. நாள் தள்ளிப் போடுகிற சமாசாரமில்லை. முடியாத படம் என்றால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். அக்காவும் தம்பியும் பின்னறையில் ரொம்ப நேரம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். பிறகு ஊசியக்கா கதவோரம் வந்து நின்றாள்.

"தகடு, இங்க வா. பாக்கிய நீ முடிச்சுடு."

"விளையாடாதீங்கக்கா."

"விளையாடலடி. நீ கீறிப் போட்டிருந்த துண்டையெல்லாம் பாத்தேன். எது உன்னுது எது என்னுதுன்னு பிரிக்கத் தெரியல எனக்கே."

அளவுகோல் எதையும் சோதிக்காமல் நம்புகிறவர் இல்லை. ஊசியக்காவின் பழைய துண்டு ஒன்றோடு அவளுடைய துண்டு ஒன்றை ஒட்டி, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு ஓட்டினார்கள். கோடு வந்தது, ஆடியது, மெலிந்தது, ஓரத்துக்குப் போய்த் திரும்பியது, முடிந்தது.

"எங்க மாறிச்சு?" என்றாள் ஊசியக்கா.

அளவுகோல் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு இன்னொரு முறை ஓட்டச் சொன்னார். மூன்றாம் முறையும். பிறகு கைகளை விரித்தார். முடியளவு இடைவெளியையும் பிடித்துவிடுகிற அந்த மனிதர் கைகளை விரித்ததைப் பார்க்க அவளுக்குக் கண் கலங்கியது.

"படத்துல உன் பேரும் வரும்," என்றாள் ஊசியக்கா. "படிப்பு முடிஞ்சதும் இங்கயே வந்துடு. ஜன்னல்கிட்ட ஒரு மேசை போட்டுடலாம்."

"அக்கா சொன்னா சொன்னதுதான்," என்றார் அளவுகோல். "மேசைய நேராப் போடுறது என் பொறுப்பு."

ஜன்னலோர மேசை. அவள் எத்தனை முறை அந்த இடத்தை மனதுக்குள் அளந்து பார்த்திருக்கிறாள். விளக்கு எந்தப் பக்கம், பசை டப்பா எங்கே என்பதுவரை முடிவு செய்து வைத்திருந்தாள்.

"இன்னொரு தடவை ஓட்டலாமா அண்ணா?" என்று கேட்டாள்.

நான்காவது முறை ஓடியபோது அவள் கோட்டைப் படிக்காமல் வெறுமனே பார்த்தாள். ஊசியக்கா கீறிய முதல் பாதியில் கோடு ஓரத்துக்குப் போகும்போதெல்லாம், பலமுறை பார்த்திருந்தும், அவளுக்குப் பயம் பிடித்தது: இந்தத் தடவை போய்விடுமோ, திரும்பாமலே போய்விடுமோ. தான் கீறிய இரண்டாம் பாதியில் அவளுக்கு எந்த இடத்திலும் பயம் வரவில்லை. அதோ அந்த இழைவு, இரண்டாம் சுருளில் இருந்தது. அந்தத் தடிப்பு, ஊசியக்கா ஊசி மாற்றிய அன்றைக்கு வந்தது. பிறகு கோடு திடுக்கிட்டுத் துள்ளி, சின்னச்சின்னதாக நடுங்கி, சுதாரித்துக்கொண்டு போயிற்று.

அது கூரியர்காரர் மணியடித்த இடம்.

அவள் கீறியபோது யாரும் மணியடிக்கவில்லை. அவளுடைய அறையில் ஒரு சத்தமும் இல்லை. மின்விசிறிகூட ஓடவில்லை.

புரொஜெக்டர் நின்று சுவர் வெறும் வெளிச்சமானது. அளவுகோல் திரையை விலக்கினார். தன் வலது கையை மடியில் வைத்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல கை. ஆசைப்பட்டுக் கேட்டது அப்படியே கிடைத்திருந்தது. முதலில் தகட்டைத் தகரத்தில் வெட்டினேன், இப்போது இந்தக் கையிலேயே வெட்டியிருக்கிறேன் என்று தோன்றியது. அந்த நினைப்பில் அழுகை வராதது ஆச்சரியமாக இருந்தது. ஊசியக்கா இரண்டு வருடமாக எதற்குள் தனியாகப் போய்க்கொண்டிருந்தாள் என்பது இப்போதுதான் விளங்குவதுபோல் இருந்தது. முன்பைவிட அவளைப் பிடித்தது. எட்ட நின்று, இன்னும் அதிகமாக.

"என்னடி, பேச்சு மூச்சக் காணோம்?" ஊசியக்கா பாக்கியிருந்த கறுப்புப் பிலிமைக் கண்ணாடி மேசைமேல் இடது கையால் விரித்தாள். அந்தக் கைக்குத் தனியாக வேலை செய்து பழக்கமில்லை. சுருள் நழுவிப் புரண்டது. "இன்னிக்கே உக்காந்துடு. நான் பக்கத்துலயே இருக்கேன். தப்பாப் போனாச் சொல்றேன்."

"தப்பாப் போகாதுக்கா," என்றாள் அவள்.

"அப்புறமென்ன?"

அவள் எழுந்து போய்ச் சுருளை ஒழுங்குபடுத்தினாள். ஊசியை எடுத்து, வழக்கம்போல் துணியில் ஒருமுறை துடைத்தாள். ஊசியக்கா நாற்காலியை அவளுக்காக நகர்த்தினாள். அளவுகோல் விளக்கைப் போட்டார். கண்ணாடி வெளுத்தது.

"நான் கீறலக்கா," என்றாள்.

"கை நடுங்குதா? முதல்ல அப்படித்தான்."

"நடுங்கல." அதுதான் பிரச்சினை என்று சொல்ல நினைத்து, சொல்லவில்லை.

"சனிக்கிழமை என்ன நாளுன்னு ஞாபகம் இருக்கா?" என்றார் அளவுகோல். குரலில் இப்போது விளையாட்டு இல்லை. "படம் நின்னு போயிடும், தகடு."

அவள் ஜன்னலைப் பார்த்தாள், மேசை வரப்போகிற இடத்தை. பிறகு கையிலிருந்த ஊசியை மேசைமேல் வைத்தாள். வழக்கமாக வைக்கும் வலது பக்கத்தில் வைக்கவில்லை. ஊசியக்காவின் கட்டுப் போடாத கைக்கு எட்டும்படி, இடது பக்கத்தில்.

"முடியாதுன்னு சொல்லலக்கா," என்றாள் மெதுவாக. "மாட்டேன்."