சுண்ணாம்புக் கோடு

சினிமாக் கம்பெனிக்குச் சுமை தூக்க வெள்ளனே வந்தவர்களுக்கு முதல் சுமை தண்டவாளம். ரயில் ஏறாத மலைக்குத் தண்டவாளம் எதற்கு என்று பிச்சையம்மாள் முதல் நாளே கேட்டாள். கேமரா உட்கார்ந்து போவதற்கு என்றார்கள். கேமராவுக்கு ரயில் இருந்தது. சுமக்கிறவள் காலுக்குச் செருப்பு இல்லை. வட்டக்கானலுக்கு மேலே அந்தப் புல்மேட்டில் உறைபனி உப்பைக் கொட்டியதுபோல் கிடந்தது. தோளில் பட்ட இரும்பு தோலோடு ஒட்டிக்கொண்டது. இறக்கி வைக்கும்போது கொஞ்சம் தோலையும் கொண்டுபோனது.

பனிமூட்டத்துக்குள் ஏறும்போது மலைக்காரர்களுக்கு ஒரு வழக்கம். ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். உரியவர் 'இருக்கேன்' என்பார். பதில் வரவில்லையென்றால் மொத்தப் பேரும் நின்றுவிடுவார்கள். பூண்டு மூட்டை சுமந்த நாளிலிருந்தே அப்படித்தான். பள்ளம் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

"திருமலைச்சாமிண்ணே."

"இருக்கேன்."

"ஏலே கருப்பா."

"இருக்கேன்க்கா. இப்பத்தான கூப்புட்ட, அதுக்குள்ள எங்க போயிருவேன்?"

சின்னக்கருப்பன் அவள் தம்பி. வில்பட்டியில் அந்த வருஷம் பூண்டு அழுகிப்போனதால் ஊரில் பாதி சினிமாவுக்குச் சுமை தூக்க வந்திருந்தது. அவனுக்கு வாய்த்தது வெள்ளித்தாள் ஒட்டிய பலகை. வெயிலை அதில் வாங்கிக் கதாநாயகியின் முகத்தில் அடிக்க வேண்டும். ஆள் உயரப் பலகை. மலைக்காற்றில் அதைப் பிடிப்பது மிரண்ட காளையை வாலைப் பிடித்து நிறுத்துகிற சோலி. முந்தின வருஷம் வந்த கம்பெனியில் ஒருவர் பலகையோடு பறந்து பெரியகுளத்தில் இறங்கி, டீ குடித்துவிட்டு பஸ் ஏறித் திரும்பினார். பஸ் டிக்கெட்டைப் பார்த்தவர்கள் வில்பட்டியில் இன்றும் இருக்கிறார்கள். வேலை நேரத்தில் வெளியூர் போனதற்காக அவருக்கு அரைநாள் கூலியைப் பிடித்துக்கொண்டார்கள்.

கம்பெனி மானேஜர் குருநாதன் குரங்குக் குல்லாவும் மப்ளருமாகப் பட்டணத்திலிருந்து வந்தவர். கேமரா பார்க்கிற இடத்தின் எல்லையில் சுண்ணாம்புத் தூளால் கோடு போடுவது அவர் வேலை. கோட்டுக்கு உள்ளே கதாநாயகன், கதாநாயகி, ஒரு சிவப்புக் கார். வெளியே மற்ற மனிதர்கள். உள்ளே ஒரு விரல் நீண்டாலும் ஏச்சு விழும்.

வெயில் வந்ததும் டைரக்டர், "இன்னும் கொஞ்சம் மலை வேணும்" என்றார். கோடு வெளியே நகர்ந்தது. மறுபடியும் மலை கேட்டார். மறுபடியும் நகர்ந்தது. கடைசியில் கோட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு பாய் விரிக்கிற இடம்தான் மிஞ்சியது. அந்தப் பாயில் சின்னக்கருப்பன் பலகையோடு நின்றான்.

"பின்னால நெலம் இல்லைங்க" என்றான் குருநாதனிடம்.

"உன் நிழல் உள்ளே விழுது. தள்ளு."

"எங்கிட்டுத் தள்ளங்க?"

"தள்ளுன்னா தள்ளு. சூரியன் உனக்காக நிக்காது."

அவன் தள்ளினான். காற்று வந்தது. பலகை பறந்தது. அவன் பறக்கவில்லை.

கீழே புதரில் சிக்கிக் கிடந்தவனைத் திருமலைச்சாமி கயிறு கட்டி இறங்கித் தூக்கி வந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே நின்றது. பிச்சையம்மாள் முந்தானையைக் கிழித்துக் கட்டினாள். கட்டக் கட்டத் துணி சிவந்தது.

குருநாதன் ஓடி வந்தார். "பலகை என்னாச்சு?"

பிச்சையம்மாள் இன்னொரு சுற்றுக் கட்டினாள்.

கம்பெனி வேன், கதாநாயகிக்கு இளநீர் வாங்கப் பெருமாள்மலைக்குப் போயிருந்தது. மிச்சம் சிவப்புக் கார்தான். அதன் டிரைவர், மதுரைக்கார செல்லப்பாண்டி, கேட்காமலே பின்கதவைத் திறந்தான்.

"ஆஸ்பத்திரில விட்டுட்டு வெரசா வந்துர்றேங்க."

குருநாதன் காருக்குள் கையை விட்டுச் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டார். "கார் ஷாட்ல இருக்கு. இப்ப அது போனா இதுவரைக்கும் எடுத்தது ஒட்டாது. தொட்டில் கட்டித் தூக்கிட்டுப் போங்க. நீங்க மலைக்காரங்கதானே."

"இந்த எறக்கத்துல குலுங்குனா ரத்தம் நிக்காதுங்க" என்றாள் பிச்சையம்மாள். "டவுனுக்குப் போகுமுன்ன உசுரு போயிரும்."

"நான் என்னம்மா பண்றது? படத்துல இருக்கறவங்களுக்குத்தான் கம்பெனி பொறுப்பு. இவன் படத்துலயே இல்லையே."

அவள் அவரைப் பார்த்தாள். சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தாள். இத்தனை நாளும் அந்தக் கோட்டுக்கு வெளியே குனிந்து குனிந்து முதுகு கூனியது நினைவுக்கு வந்ததோ என்னவோ, நிமிர்ந்தாள்.

"அண்ணே, இன்னொரு பலகைய எடுங்க."

திருமலைச்சாமியும் மற்றவர்களும் சின்னக்கருப்பனை வெள்ளிப் பலகையில் கிடத்தித் தூக்கினார்கள். அவள் முன்னால் நடந்தாள். கோட்டை மிதித்தாள், பாதத்தில் சுண்ணாம்பு ஒட்டியது. கேமராவுக்கு நேர் எதிரே, காருக்கு முன்னால், தம்பியை இறக்கி வைத்து அருகே உட்கார்ந்தாள்.

"இப்ப படத்துல இருக்கான்."

வந்திருந்த வில்பட்டி மொத்தமும் கோட்டுக்குள் வந்தது. கேமராவை இடப்பக்கம் திருப்பினார்கள். அங்கே தண்டவாளம் சுமந்தவர்கள் நின்றார்கள். வலப்பக்கம் திருப்பினார்கள், அங்கே பெட்டி சுமந்தவர்கள். வெள்ளித்தாள் வெளிச்சம் சின்னக்கருப்பன் முகத்தில் விழுந்தது. கதாநாயகிக்குக்கூட அன்று அவ்வளவு நல்ல வெளிச்சம் அமையவில்லை.

"நாளையிலிருந்து ஒருத்தருக்கும் வேலை கிடையாது" என்றார் குருநாதன்.

"சரிங்க. இன்னைக்கு ஒங்களுக்குப் படம் கெடையாது" என்றார் திருமலைச்சாமி.

"போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்புடுங்க. அவுகளும் இந்தக் கார்லதான் வரணும். சாவியக் குடுங்க, போயிக் கூட்டியாறோம்."

செல்லப்பாண்டி தொப்பியைக் கழற்றிக் காரின் மேல் வைத்துவிட்டு வந்து அவளருகே நின்றான். விளக்கு தூக்க வந்த பட்டணத்து ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வேறு எதையோ தேடுகிறவர்கள்போல மெல்லக் கோட்டுக்குள் வந்தார்கள்.

அப்போது பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறியது. முதலில் கோட்டை விழுங்கியது, பிறகு கேமராவை, பிறகு காரை. தன் கை தனக்கே தெரியவில்லை.

"திருமலைச்சாமிண்ணே."

"இருக்கேன்."

"டிரைவர் தம்பி."

"இருக்கேன்க்கா."

பெயர் தெரியாத பட்டணத்துக் குரல்களும் கூப்பிடாமலே 'இருக்கேன்' என்றன. அவள் குனிந்து, காதருகே மெதுவாகக் கூப்பிட்டாள்.

"ஏலே கருப்பா."

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. மொத்தப் பேரும் மூச்சைப் பிடித்து நின்றார்கள்.

"இருக்கேன்க்கா."

அதற்குப் பிறகுதான் தொலைவில், பள்ளத்துப் பக்கம், இன்னொரு குரல் கேட்டது. அதில் அதட்டல் இல்லை. "யாராவது இருக்கீங்களா? கோடு எங்கேன்னு தெரியலை. காலுக்குக் கீழே கல்லு சரியுது."

யாரோ சிரிக்கப் பார்த்தார்கள். பிச்சையம்மாள் பக்கத்தில் இருந்தவர் கையை அழுத்தி அடக்கினாள்.

"அசையாதீங்க" என்றாள் பனிக்குள். "ஒங்களத் தள்ளச் சொல்ல இங்க ஆளில்லை. சாவியக் கையில எடுத்து வச்சுக்கிட்டு அங்கனயே நில்லுங்க. நாங்க எல்லாரும் வர்றோம்."

அவள் தம்பியைப் பெட்டி சுமந்தவர்களிடம் விட்டு எழுந்து திருமலைச்சாமியின் கையைப் பிடித்தாள். அவர் செல்லப்பாண்டியின் கையை, அவன் ஒரு பட்டணத்தானின் கையை. சங்கிலி நீண்டது. சாவி இன்னும் குருநாதனிடம்தான் இருந்தது. ஒவ்வோர் அடிக்கும் ஒரு பெயர், ஒவ்வொரு பெயருக்கும் ஓர் 'இருக்கேன்'. அப்படியே அவர்கள் அந்தக் குரலை நோக்கி நடந்தார்கள்.