தகரப் பலகையின் மேல் சத்தியம்

கடத்தூருக்கு மேற்கே இரண்டு மைலில் இருந்த அந்த ஊரில் யாருக்காவது ராகுகாலத்தில் சந்தேகம் வந்தால் பூசாரியிடம் போகமாட்டார்கள், தையற்கடை மாதையனிடம்தான் போவார்கள். பூசாரிக்குச் சில நாள் மறந்துபோகும். மாதையனுக்கு மறக்காது, ஏனென்றால் அவன் நாத்திகன். எந்தத் துணியையும் ராகுகாலத்தில்தான் வெட்டுவது என்று ஆறு வருஷமாக வைராக்கியம் வைத்திருந்தான். கலியாண அவசரம் என்று யார் வந்து கெஞ்சினாலும் ராகுகாலம் பிறக்கும்வரை கத்தரிக்கோலைத் தொடமாட்டான். ஒருநாள் கைதவறி நல்ல நேரத்தில் ஒரு ரவிக்கைத் துணியை வெட்டிவிட்டான். அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை என்று அவன் பெண்டாட்டி தீர்த்தம்மாள் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

தையல் கற்றுக்கொள்ளத் தர்மபுரிக்குப் போனவன், தையலோடு இதையும் கற்றுக்கொண்டு வந்தான். வரும்போது ஒரு தகரப் பலகையும் எழுதி வாங்கி வந்தான். கறுப்பில் வெள்ளை எழுத்து: ‘கடவுள் இல்லை’. அதற்குக் கீழே, மிச்சமிருந்த இடத்தில், ‘உரிமையாளர்: அ. மாதையன்’. தான் உரிமையாளர் என்பது கடைக்குத்தான் என்று அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். ஊர் கேட்டால்தானே. காலையில் கடை திறந்ததும் ஈரத்துணியால் அந்தப் பலகையைத் துடைத்துவிட்டுத்தான் மெஷினில் உட்காருவான். வெள்ளிக்கிழமை சாயந்திரம், தபாலில் வந்த நாத்திகப் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை உரக்கப் படிப்பான். கேட்க ஆள் இருந்தாலும் படிப்பான், இல்லாவிட்டாலும் படிப்பான்.

ஊர் அவனைப் பொறுத்துக்கொண்டது. அவன் தைத்த சட்டை தோளில் இறுக்கிப் பிடிக்காது என்பதும் ஒரு காரணம்.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. மாதையனின் தங்கை செல்லம்மாளை அதே ஊரில்தான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் புருஷன் வேடியப்பன் செத்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பெண்பிள்ளைகள், ஒன்றரை ஏக்கர் கேழ்வரகு, கிணற்றில் பாதிப் பங்கு, இவ்வளவுதான் அவள் சொத்து. கிணற்றின் மறுபாதி வேடியப்பனின் அண்ணன் மல்லையனுடையது. எட்டு நாளில் நான்கு நாள் அவர் மாடு கட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைப்பார், நான்கு நாள் இவள் ஆள் வைத்து இறைப்பாள். அந்தக் கோடையில் கிணறு பாறையைக் காட்டியதும் மல்லையன் வந்து அவளுடைய கவலைக் கயிற்றைக் கழற்றிவிட்டார். செல்லம்மாளுக்குப் பங்கே கிடையாது என்றார். சாவதற்கு முந்தின வருஷம் வேடியப்பன் தன் பங்கை அவருக்கே விட்டுக்கொடுத்துவிட்டு ஒரு ஜோடி எருது வாங்கிக்கொண்டானாம். தம்பி பெண்டாட்டியாயிற்றே என்று இத்தனை நாள் விட்டுவைத்தாராம்.

இதில் கொடுமை என்னவென்றால், அவர் சொன்னது நிஜம். கிணற்று மேட்டில் வைத்து எருதுகளின் தலைக்கயிறு அண்ணன் கையிலிருந்து தம்பி கைக்கு மாறியபோது பக்கத்தில் நின்றவன் ஒரே ஒருவன். அவன்தான் மாதையன். எருதுகள் இரண்டும் மூன்றே மாதத்தில் வெக்கை நோயில் செத்துப்போனதும் அவனுக்குத் தெரியும்.

விஷயம் ஊர்க்கவுண்டர் பச்சியப்பனிடம் போயிற்று. மல்லையனையே சத்தியம் செய்யச் சொல்லலாம் என்று யாரோ சொன்னார்கள். ஊர்க்கவுண்டர் சிரித்துவிட்டார். அந்த ஊர் வழக்கப்படி முனியப்பன் முன்னால் சூடம் ஏற்றி, அதை உள்ளங்கையால் அடித்து அணைத்தால் சத்தியம் ஆகிவிட்டது. அதற்குமேல் பேச்சில்லை. மல்லையன் அப்படி இரண்டு தடவை அணைத்திருக்கிறார், ஒருமுறை எல்லைக் கல்லுக்காக, ஒருமுறை வழிதவறி வந்த வெள்ளாட்டுக்காக. இரண்டும் பொய். இரண்டு தடவையும் ஆடி மாதத்தில் முனியப்பனுக்கு ஒரு கெடா வெட்டிக் கணக்கை நேர்செய்துகொண்டார். பொய் என்று தெரிந்தவர்களும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கறி நன்றாக இருந்தது.

“எனக்கு மாதையன் சாட்சி போதுங்க,” என்றார் மல்லையன்.

ஊர்க்கவுண்டருக்குக் காது சரியாகத்தான் கேட்டதா என்று சந்தேகம். “ஏப்பா, அவன் அந்தப் பொண்ணோட அண்ணன்டா. உனக்கு எப்பிடிச் சொல்லுவான்?”

“சாமி கும்புடறவன் சாட்சி எனக்கு வேண்டாங்க. நானே கும்புடறவன்தான். எனக்குத் தெரியாதுங்களா?”

மறுநாள் உச்சிப்பொழுதில் செல்லம்மாள் கடைக்கு வந்தாள். உட்காரவில்லை.

“ண்ணா, நாளைக்கு உன்னயத்தான் கேக்கறாங்களாம். அப்பிடி ஒண்ணும் நடக்கலைன்னு ஒரே வார்த்த சொல்லிடு.”

மாதையன் மெஷின் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினான். “நடந்துச்சே, செல்லா.”

“நடந்துச்சு. நான் இல்லன்னா சொல்றேன்? ரெண்டு மாடும் செத்துச்சு, மாட்ட வாங்குனவரும் செத்தாரு. இப்ப ராகி கருகுது. அந்தத் தண்ணியும் போச்சுன்னா ரெண்டு புள்ளைங்கள இழுத்துக்கிட்டு நான் எங்க போவேன், சொல்லு.”

அவன் மெஷினில் மாட்டியிருந்த துணியை உருவி மடித்தான்.

“மத்தவங்களுக்குச் சாமி கண்ணக் குத்தும்னு பயம். உனக்கு அதுவும் கெடையாது. பொய் சொல்றதுக்கு உன்னய வுட்டா தோதான ஆளு இந்த ஊர்ல யாருண்ணா?”

ஆறு வருஷப் பத்திரிகை பெட்டியில் அடுக்கிக் கிடந்தது. அதில் ஒரு இதழிலும் இந்தக் கேள்வி வந்ததில்லை.

அவள் போனபின் அவன் யோசித்தான். மல்லையனுக்கு வேறு இரண்டு கிணறு இருக்கிறது. தங்கைக்கு இது ஒன்றுதான். தண்ணீர் அவளிடம் இருப்பதுதான் நியாயம் என்று பகுத்தறிவு பளிச்சென்று சொன்னது. பொய் சொன்னால் யாருக்கு நஷ்டம்? பலகையை நிமிர்ந்து பார்த்தான். அவன் பொய் சொன்னால் ஊர் என்ன சொல்லும் என்று அவனுக்குத் தெரியும். ‘சாமி இல்லாதவன் புத்தி அவ்வளவுதான்’ என்று இருபது வருஷத்துக்குச் சொல்லிச் சிரிப்பார்கள். அதை நினைத்ததும் எழுந்து கடைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாக நடந்தான். அப்போதுதான் தப்பிக்க ஒரு வழி தோன்றியது. சத்தியம் செய்யாமல் சாட்சி செல்லாது. கடவுள் இல்லாதவன் சத்தியம் செய்ய முடியாது. சாட்சி இல்லாவிட்டால் மல்லையன் வழக்கு தானாக விழுந்துவிடும். பொய்யும் சொல்ல வேண்டாம், தங்கையும் பிழைப்பாள். நாத்திகத்தால் இப்படி ஒரு உபயோகமும் உண்டா என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் காலை புளியமரத்தடியில் ஊர் கூடியது. பூசாரி தட்டும் சூடமுமாக வந்தான்.

“எனக்கு மதம் கெடையாதுங்க,” என்றான் மாதையன், மனப்பாடம் செய்து வைத்திருந்தபடி. “நான் சத்தியத்துக்கு ஆகமாட்டேன். என்னய வுட்டுடுங்க.”

செல்லம்மாள் முகத்தில் லேசாக ஒரு தெளிவு வந்தது. ஊர்க்கவுண்டர் தாடையைச் சொறிந்தார். மல்லையன் மட்டும் இதை எதிர்பார்த்தவர்போல எழுந்தார்.

“அவனுக்கும் மதம் இருக்குதுங்க. நாம பாத்துக்கிட்டுத்தானே இருக்கறோம்? நாம வெள்ளிக்கெழம பூச பண்றோம், அவன் வெள்ளிக்கெழம பேப்பர் படிக்கிறான். நமக்கு நல்ல நேரம், அவனுக்கு ராகுகாலம். பொழுது விடிஞ்சா அந்தப் பலகையத் தொடச்சு வுடாம தொழில்ல கைய வைக்கறானா? போன வருஷம் என் பையன் செருப்ப அதும் பக்கத்துல மாட்டுனான்னு எட்டு நாளு அவங்கூடப் பேசல. இதெல்லாம் மதம் இல்லாம என்னாங்க?”

“மதம்னா சாமி வேணும் மாமா!” என்று மாதையன் கத்தினான். “எனக்குத்தான் சாமியே இல்லயே!”

“அதச் சொல்லறப்பத்தான்டா மச்சான் உனக்கு ஆவேசம் வருது.”

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மாதையனுக்குக் காது சிவந்துவிட்டது.

“சாயபு வந்தா குரான் மேல சத்தியம் பண்றாரு,” என்று ஊர்க்கவுண்டர் நிதானமாக ஆரம்பித்தார். “வேதக்காரங்க வந்தா பைபிள் மேல பண்றாங்க. நாம ஒத்துக்கிட்டோம். இவன் அவனோட பலகை மேல பண்ணட்டும்.”

“அது வெறும் தகரங்க!”

“வெறும் தகரம்னா அது மேல கைய வைக்க உனக்கு என்னப்பா சங்கடம்?”

பத்திரிகையில் இந்தக் கேள்வியும் வந்ததில்லை.

இரண்டு பேர் போய்ப் பலகையைக் கழற்றி வந்து புளியமரத்தில் சாய்த்து வைத்தார்கள். கீழே ஒரு செங்கல் வைத்தது யார் என்று தெரியவில்லை. பூசாரி கெட்டவன் இல்லை, கைப்பழக்கம்தான். எதையாவது நிமிர்த்தி வைத்துப் பத்துப்பேர் சுற்றி நின்றால் அவன் கை சும்மா இருக்காது. பலகைக்கு முன்னால் ஒரு வெற்றிலையைப் போட்டு, அதில் சூடத்தை வைத்துப் பற்றவைத்துவிட்டான். கடவுள் இல்லை என்ற எழுத்தின்மேல் வெளிச்சம் ஆடியது. முன்வரிசையில் ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மாதையனுக்குத் தலைக்கு ஏறிவிட்டது. ஆறு வருஷம் கட்டிக் காத்ததற்கு முன்னால் சூடமா? “எடுங்கய்யா இத!” என்று பாய்ந்தவன், எரிகிற சூடத்தை உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி அடித்தான். சூடம் அணைந்தது.

எல்லார் கண்ணும் ஊர்க்கவுண்டர் பக்கம் திரும்பியது.

“ஆச்சு,” என்றார் ஊர்க்கவுண்டர். “சத்தியம் ஆயிடுச்சு. சத்தியத்துல நிக்கற, மாதையா. இப்பச் சொல்லு. தலக்கயிறு கை மாறுச்சா, இல்லியா?”

அவன் சுட்ட கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். எதிரில் செல்லம்மாள். முந்தானையைத் திருகிக்கொண்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று சொல்ல அரை நொடி போதும். பக்கத்தில் பலகை. அதற்கு அப்பால் ஊர் முழுக்க, எப்போது சிரிக்கலாம் என்று காத்துக்கொண்டு நின்றது.

“மாறுச்சுங்க,” என்றான். “நான் பாத்தேன். ஆனா அந்த மாடு ரெண்டும் மூணே மாசத்துல...”

மாடு செத்த கதையை யாரும் கேட்கவில்லை. கிணறு மல்லையனுக்கு என்று ஊர்க்கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டுவிட்டார். செல்லம்மாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் போவதை மாதையன் பார்த்தான்.

ஊர் பேசியதெல்லாம் பலகையைப் பற்றித்தான். கூடப்பிறந்தவளுக்காகக்கூட அதன் முன்னால் பொய் சொல்ல முடியவில்லையே, என்ன சக்தி, என்ன சக்தி! முனியப்பனாவது நாள் கணக்குப் பார்த்துக் கேட்பார், இது அந்த இடத்திலேயே உண்மையைக் கக்க வைத்துவிட்டதே! வெற்றியோடு வந்த மல்லையன்தான் முதலில் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பத்து நாளைக்குள் கடத்தூரிலிருந்து இரண்டு பங்காளிகள் வரப்புச் சண்டையோடு கடைவாசலில் வந்து நின்றார்கள். பென்னாகரத்துப் பக்கமிருந்து ஒருத்தி, புருஷனைப் பலகைமேல் கை வைக்கச் சொல்லி இழுத்து வந்தாள். மாதையன் அத்தனை பேரையும் விரட்டினான். விரட்ட விரட்ட, உக்கிரமான தெய்வத்துக்கு உக்கிரமான பூசாரி என்று பேர் பரவியது. ஒருநாள் காலை ஈரத்துணியோடு போனபோது பலகையில் சாமந்திச் சரம் தொங்கியது. அதைப் பிய்த்து எறிந்தான். மறுநாள் இரண்டு சரம் தொங்கியது. தீர்த்தம்மாள் மட்டும் சந்தோஷமாக இருந்தாள். புருஷன் ஒருவழியாகப் பக்திக்கு வந்துவிட்டான் என்று அவளுக்கு நிம்மதி.

அந்த மாதக் கடைசியில் மாதையன் ஒரு மூட்டை கேழ்வரகைத் தோளில் சுமந்துகொண்டு தங்கையின் காட்டுக்குப் போனான். பயிர் முழுவதும் காய்ந்துவிட்டிருந்தது. மாட்டுக்காவது ஆகட்டும் என்று அவள் அதை அறுத்துக்கொண்டிருந்தாள். மூட்டையை வரப்பில் இறக்கினான். அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“செல்லா.”

அரிவாள் நிற்கவில்லை.

“வருசா வருசம் கொண்டாந்து போடறேன். புள்ளைங்கள நான் பட்டினி போடமாட்டேன்.”

“மூத்தாரு ரெண்டு வாட்டி பொய்ச் சத்தியம் பண்ணாரு,” என்றாள் அவள், குனிந்தபடியே. குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. “முனியப்பன் வாட்டிக்கு ஒரு கெடாவ வாங்கிக்கிட்டு வுட்டுட்டாரு. உன் சாமிக்கு அந்த எரக்கம் இல்லண்ணா. கூடப் பொறந்தவளயே கேட்டுச்சு. நீயும் குடுத்துட்ட.”

மாதையனுக்குக் கண் கலங்கிவிட்டது. வரப்பிலேயே உட்கார்ந்தான்.

“அது சாமி இல்ல, செல்லா. நீயாச்சும் நம்பு. வெறும் தகரம்.”

அவள் அறுப்பதை நிறுத்தி நிமிர்ந்தாள். அந்த ஒரு மாதத்தில் அன்றைக்குத்தான் அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“அப்பறம் ஏண்ணா பொய் சொல்லல?”