இயற்பியல் ஆசிரியர் இருக்கிறார்

என்னை மாதிரியே பேசி ஒரு பையன் வீடியோ போட்டிருக்கிறான் என்று எனக்கு முதலில் சொன்னது என் வீட்டுக்காரர்தான். விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த வீடியோவில் அவரைப் பற்றிய பேச்சும் வந்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் தமிழாசிரியை. பெயர் கிளாரா. திண்டுக்கல்லில் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியில் வேலை. பிளஸ் டூ தமிழ் வழி வகுப்புக்கு இயற்பியல் எடுத்துக்கொண்டிருந்தவர் ஆயுதபூஜை விடுமுறைக்கு ஊருக்குப் போனார். போனவர் அங்கேயே பக்கத்தில் ஒரு பள்ளியில் சேர்ந்துவிட்டார். "ஆள் பாத்துட்டு இருக்கறனுங்க, அதுவரைக்கும் யாராவது போயி உக்காருங்க" என்றார் எங்கள் தாளாளர் பொன்னுத்துரை. எங்கள் பள்ளியில் யாராவது என்றால் அது நான்தான்.

வகுப்பில் போய்ச் சும்மா உட்கார எனக்கு வராது. புத்தகம் தமிழில்தானே இருக்கிறது என்று எடுத்து வாசித்தேன். எனக்குத் தெரிந்த மாதிரிதானே வாசிக்க முடியும்? செய்யுள் நடத்துவதுபோல ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படித்து, சொல்லைப் பிரித்து, பொருள் சொல்லிக்கொண்டே போனேன். லென்ஸ் விதி வந்தது. காந்தம் கிட்டே வந்தால் கம்பிச்சுருள் அதைத் தள்ளும், விலகிப் போனால் இழுக்கும் என்று போட்டிருந்தது. "வான்னா வரமாட்டாரு, போன்னா போகமாட்டாரு. எங்க வீட்டுக்காரர் மாதிரின்னு வச்சுக்கங்க" என்றேன். வகுப்பே சிரித்தது. அன்றைக்கு நல்ல பாடம் நடத்திய திருப்தியோடுதான் வீட்டுக்குப் போனேன்.

அதைத்தான் ஜெரின் வீடியோவாகப் போட்டிருந்தான். வெங்காயப்பேட்டையில் மண்டி வைத்திருக்கும் சிலுவைமுத்துவின் மகன் அவன். வீட்டை ஒட்டிய குடோனில், வெங்காய மூட்டைகளுக்கு முன்னால் நின்றுகொண்டு, கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "தூண்டப்பட்ட என்பது தூண்டுதலைப் பெற்ற, மின்னோட்டம் என்பது மின்சாரத்தினது ஓட்டம்" என்று என் குரலிலேயே இழுத்தான். நான் அப்படியா இழுக்கிறேன் என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். அப்படித்தான் இழுக்கிறேன்.

கடைசியில் தன் சொந்தக் குரலுக்கு வந்து இரண்டு வார்த்தை சொன்னான். "ஆயுதபூஜையில இருந்து எங்களுக்கு பிசிக்ஸ் டீச்சர் இல்லங்க. தமிழ் மிஸ்தான் பாவம், வந்து வாசிக்கிறாங்க." கிண்டல் செய்ததைக்கூட நான் மன்னித்துவிட்டேன். அந்த 'பாவம்' என்ற வார்த்தைதான் எனக்குப் பொறுக்கவில்லை. அன்று ராத்திரி வெஞ்சனத்தில் உப்பை இரண்டு தடவை போட்டேன்.

அதை ஊரே பார்த்தது. கன்னிவாடியிலிருந்து அடுத்த வருஷத்துக்குப் பிள்ளையைச் சேர்க்க இருந்த ஒருவர் போன் செய்து, "உங்க ஸ்கூல்ல தமிழ் மிஸ்தான் எல்லாம் எடுப்பாங்களாமே?" என்று கேட்டிருக்கிறார். இன்னும் சிலர் போன் செய்யாமலே வேறு பள்ளியில் விண்ணப்பம் வாங்கிவிட்டார்கள். தாளாளருக்குத் தொழில் போர்வெல் லாரி. தண்ணீர் இருக்கிறதோ இல்லையோ துளையைப் போட்டுவிட்டுக் காசு வாங்கிப் பழகியவர். பள்ளிக்கூடத்தில் இப்படிக் கேள்வி வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

மறுநாளே ஜெரினை வகுப்பிலிருந்து வெளியே அனுப்பினார்கள். அப்பாவோடு வரவேண்டும், மன்னிப்பு வீடியோ போடவேண்டும், இல்லையென்றால் செய்முறைத் தேர்வுக்குப் பள்ளிக்குள் விடமாட்டோம் என்று தலைமையாசிரியை நாகஜோதி சொல்லிவிட்டார். செய்முறைத் தேர்வு எழுதாவிட்டால் அந்தப் பாடத்தில் தேற முடியாது. ஒரு வருஷம் போய்விடும். பையனுக்கு டிப்ளமோ படித்த மாமா ஒருவர் கோயம்புத்தூரில் இருந்தார்; அவன் அங்கே போய் இன்ஜினியரிங் சேருவதென்று வீட்டில் எப்போதோ முடிவாகியிருந்தது.

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். பாதிக்கப்பட்டவள் நான்தானாம்.

சிலுவைமுத்து வெள்ளை வேட்டி சட்டையில், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருவதுபோல வந்திருந்தார். என்னைக் கோயிலில் பார்க்கிறவர்தான். அன்றைக்குத் தலையை மட்டும் ஆட்டினார். ஜெரின் சுவரோரம் நின்றான். தாளாளர் செல்போனை மேசைமேல் சாய்த்து வைத்து வீடியோவை ஓடவிட்டார். என் குரல் அந்த அறையில் நிறைந்தது. நான் கூரையில் ஓடிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க சிலுவைமுத்து, இதுக்கு என்னங்க சொல்றீங்க?" என்றார் தாளாளர். அவர் ஒட்டன்சத்திரத்துப் பக்கம். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும்.

"தப்புத்தான் சார். மிஸ்ஸ அப்படிப் பேசியிருக்கக் கூடாது. வீட்லயே நாலு போட்டுட்டேன்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஆனா ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீக. ஸ்கூலு நாலு மணிக்கு விட்டாச்சு. அவன் ஏழு மணிக்கு எங்க குடோன்ல நின்னு பேசியிருக்கான். அது எப்படி சார் ஸ்கூலு கணக்குல வரும்?"

நாகஜோதி பள்ளி டைரியை விரித்தார். சீருடையில் இருக்கும் மாணவர் எந்த இடத்தில் இருந்தாலும் பள்ளியில் இருப்பதாகவே கருதப்படுவார் என்பது அதில் ஒரு விதி. சீருடையோடு சினிமாவுக்குப் போகிறவர்களைப் பிடிப்பதற்காக எப்போதோ போட்டது. தாளாளர் வீடியோவை நிறுத்தி, இரண்டு விரலால் பெரிதாக்கி, சட்டைப் பையில் இருந்த எங்கள் பள்ளி முத்திரையைக் காட்டினார்.

"எங்க சட்டையப் போட்டுட்டுப் பேசியிருக்காருங்க உங்க பையன்."

சிலுவைமுத்து எழுந்து வந்து குனிந்து பார்த்தார். பிறகு வீடியோவைக் கொஞ்சம் ஓட்டச் சொன்னார். ஜெரின் கரும்பலகைக்குப் போவதுபோலத் திரும்பி நடக்கிற இடம் வந்தது.

"கீழ பாருங்க சார். கைலி."

எல்லோரும் பார்த்தோம். பச்சைக் கட்டம் போட்ட கைலி. முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தான்.

"கைலி கட்டிட்டான்னா அவன் வீட்டுக்கு வந்துட்டான்னுதான சார் அர்த்தம்?" என்றார் சிலுவைமுத்து.

அடுத்து நடந்ததை நான் கூட்டிச் சொல்லவில்லை. படித்த நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, அந்தப் பையன் இடுப்புக்கு மேலே பள்ளியிலும் இடுப்புக்குக் கீழே வீட்டிலும் இருந்தானா என்று பேசினோம். பேசியது வாய்தானே, வாய் மேல்பாதியில்தானே இருக்கிறது என்றார் நாகஜோதி. அது சரியாகத்தான் பட்டது. சிலுவைமுத்து பெருமூச்சு விட்டுவிட்டு உட்கார்ந்தார்.

தாளாளர் ஒரு தாளை நீட்டினார். ஜெரின் வீடியோவில் சொல்லவேண்டியது அதில் இருந்தது. 'எங்கள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் இருக்கிறார். நான் சொன்னது பொய். மன்னிக்கவும்.' அதை அவனுடைய கணக்கிலேயே போடவேண்டும், பரீட்சை முடியும்வரை எடுக்கக் கூடாது, எடுத்தால் செய்முறைத் தேர்வு கிடையாது.

ஜெரின் படித்துப் பார்த்தான். "மன்னிப்புக் கேக்குறேன் சார். மிஸ் மாதிரி பேசுனதுக்கு எத்தன தடவ வேணாலும் கேக்குறேன். டீச்சர் இருக்காங்கன்னு எப்படி சார் சொல்றது? இல்லேல்ல."

"கிளாரா மிஸ் எடுக்கறாங்கல்லப்பா" என்றார் நாகஜோதி.

"அதத்தான் மிஸ் நானும் சொன்னேன்."

"ஏலே, ஒரு வரிதானடா. சொல்லித் தொலச்சுட்டு வா" என்றார் சிலுவைமுத்து. அதட்டத்தான் நினைத்தார், கெஞ்சலாக வந்தது. ஜெரின் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். எதிர்த்துப் பேசவில்லை, திமிராகவும் நிற்கவில்லை. மாட்டேன் என்கிறது மட்டும் நன்றாகத் தெரிந்தது. எனக்கு அவன்மேல் வந்த கோபம் அப்போதுதான் வேறு பக்கம் திரும்பியது.

"அப்ப ஒரு டீச்சரைப் போட்டுருங்க சார். அவனும் சொல்லிருவான்" என்றேன். நியாயம் பேசவேண்டும் என்று சொன்னதல்ல. எரிச்சலில் வாயில் வந்தது.

தாளாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவர் செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

இரண்டாம் நாள் நசீம் பானு வந்துவிட்டாள். பேகம்பூர்ப் பெண். எம்.எஸ்சி. முடித்து வீட்டில் இருந்தவள். அவள் அப்பாவின் தோட்டத்தில் தாளாளர்தான் போர் போட்டவர். ஆயுதபூஜையிலிருந்து திண்டுக்கல்லில் கிடைக்காத இயற்பியல் ஆசிரியர், ஒரு பையனைப் பொய்யனாக்க வேண்டும் என்றதும் கிடைத்துவிட்டார். நான் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அதை நினைத்து நினைத்துக் கொதித்தேன். கூடவே எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது.

அந்தப் பெண் நன்றாக நடத்தினாள். பூட்டிக்கிடந்த ஆய்வகத்தைத் திறந்து, தூசி தட்டி, மின்கலம், கம்பி எல்லாம் எடுத்து வைத்தாள். சத்தம் என்ன என்று பார்க்கப் போனால், பிள்ளைகள் சிரித்துக்கொண்டு காந்தத்தை உள்ளே விட்டு வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். "மிஸ், நீங்க சொன்ன வீட்டுக்காரர் உதாரணம் சரிதான். அதையே சொல்லிட்டேன்" என்றாள் என்னிடம். அதைக் கேட்டு என் வீட்டுக்காரர் சந்தோஷப்படவில்லை.

ஜெரினை நாகஜோதி ஆய்வக வாசலுக்குக் கூட்டிப்போய் உள்ளே காட்டினார்.

"இருக்காங்களா?"

"இருக்காங்க மிஸ்."

"சொல்லுவியா?"

"சொல்றேன் மிஸ். ஆனா முன்னாடி சொன்னது பொய்ன்னு சொல்லமாட்டேன். அப்ப இல்லேல்ல."

இந்தச் சிக்கலைத் தீர்க்கத் தமிழாசிரியையைக் கூப்பிட்டார்கள். 'நான் சொன்னது பொய்' என்பதை அடித்துவிட்டு, 'நான் முன்பு சொன்ன நிலை இப்போது இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். தாளாளர் இரண்டு தடவை வாசித்துப் பார்த்தார். மன்னிப்பு மாதிரியும் இருக்கிறது, விளம்பரம் மாதிரியும் இருக்கிறது என்று அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

முழுச் சீருடை, பெல்ட்டு, ஷூ. ஆய்வகத்துக்கு முன்னால் நிற்க வைத்து எடுத்தார்கள். சிலுவைமுத்து கீழே உட்கார்ந்து மகனுக்கு ஷூ கயிற்றைக் கட்டிவிட்டார். அவன் கேமராவைப் பார்த்து, கூசாமல், "எங்கள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் இருக்கிறார்" என்றான். பின்னால் ஜன்னல் வழியாக நசீம் பானு பாடம் நடத்துவது தெரிந்தது. முடிந்ததும் அப்பனும் மகனும் வாசலில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். யாரும் பொய் சொல்லாமலே ஒரு காரியம் முடிந்ததே என்று அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்தது. என் சாமர்த்தியத்தைக் கொஞ்சம் மெச்சிக்கொண்டேன் என்றும் சொல்லவேண்டும்.

அந்த வீடியோவை முதல் வீடியோவைவிட அதிகம் பேர் பார்த்தார்கள். தாளாளர் அதை எல்லாப் பெற்றோர் குழுவுக்கும் அனுப்பினார். கன்னிவாடிக்காரர் வந்து பணம் கட்டி மகளைச் சேர்த்துவிட்டுப் போனார்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் என் மேசைமேல் ஒரு சீட்டு இருந்தது. முதல் பாடவேளை, பிளஸ் டூ, இயற்பியல், கிளாரா. நான் நாகஜோதியிடம் போனேன்.

"நசீம் பானு லீவா மிஸ்?"

"நிப்பாட்டிட்டாங்க. பாடம் முடிஞ்சிருச்சுல்ல."

"எங்க முடிஞ்சது? செய்முறை பாதிகூட நடக்கல. அடுத்த வாரம் பரீட்சை."

நாகஜோதி என் முகத்தைப் பார்க்கவில்லை. "வீடியோ வந்துருச்சுல்ல மிஸ்" என்றார்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். எல்லோரும் எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். ஜெரின் மட்டும் உட்காரவில்லை.

"என்னடா?"

"மிஸ், நான் போட்டது இன்னைக்குப் பொய்யாயிருச்சு. அத எடுத்துரவா?"

கிண்டலுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டான். நான் எடு என்று சொன்னால் அன்றைக்குச் சாயங்காலமே எடுத்துவிடுவான், அடுத்த வாரம் பள்ளி வாசலுக்கு வெளியே நிற்பான், அது அவனுக்கும் தெரியும், வகுப்புக்கே தெரியும். தாளாளர் அறையில் அப்படிப் பேசிய மிஸ் இப்போது என்ன சொல்லப் போகிறாள் என்று எல்லாக் கண்ணும் என்மேல் இருந்தது.

"இருக்கட்டும்டா" என்றேன்.

"பொய் மிஸ் அது."

"தெரியும். பரீட்சை முடியட்டும். அதுவரைக்கும் இருக்கட்டும். உக்காரு."

அவன் உட்கார்ந்தான். தாளாளர், தலைமையாசிரியை, பெற்ற தகப்பன், அத்தனை பேர் சொல்லியும் அசையாதவன், நான் சொன்ன ஒரு வார்த்தைக்கு உட்கார்ந்தான். அதைவிட அவன் மாட்டேன் என்றே நின்றிருக்கலாம். எனக்குத் தாங்க முடியாத வெட்கமாக இருந்தது. கரும்பலகைப் பக்கம் திரும்பி, தேவையில்லாமல் தேதியைப் பெரிதாக எழுதினேன்.

பிறகு புத்தகத்தை விரித்து, ஒரு வரியை இரண்டு தடவை வாசித்தேன். யாரும் சிரிக்கவில்லை. ஜெரின் நோட்டை எடுத்து நான் சொன்ன பொருளை எழுதிக்கொண்டான்.