பால்ராஜின் எழுத்தளவு

ஒரு மென்பொருளை மூன்று முறை அழித்து மூன்று முறை ஏற்றியும் அது பழையபடியே திறந்தால், கணினி பழுதுபார்ப்பவன் செய்யக்கூடியது ஒன்றுதான்: தேநீர் கேட்பது. தினேஸ்வரன் கேட்டான். குருபோங் ஊரில் அவன் கடைப் பலகையில் 'நிபுணர்' என்றிருக்கும். எழுதியவனும் அவனே.

"இன்னும் மஞ்சளாத்தானே இருக்கு, தம்பி?" தன் வீட்டுக் கூடத்தில் அவனிடம் கோப்பையை நீட்டினார் ரோஸ் ஆண்ட்டி.

ஆமாம். அவர் கணவர் பால்ராஜ் சர்ச்சுக்குப் பாடல் தாள் தட்டச்சு செய்த அதே மஞ்சள் பக்கம், அதே பெரிய எழுத்து, திரையின் இடப்பாதியில். அவர் இறந்து இன்று நாற்பதாம் நாள். மாலை ஜெபத்துக்கு வரும் பாதர் கணினியைச் சர்ச் அலுவலகத்துக்கு எடுத்துப் போவார். அதற்குள் பால்ராஜின் சுவடே இல்லாமல் துடைக்க வேண்டும். தனியாக இருக்கும் ஆண்ட்டிக்கு அதைத் திறக்கவே பயம்; அதனால்தான் கொடுத்துவிடுகிறார்.

மேலும் கொஞ்சம் தேடியதும் தினேஸ்வரன் தலையில் அடித்துக்கொண்டான்.

"பேயெல்லாம் இல்ல லா, ஆண்ட்டி. புரோகிராம் தொறந்ததும் இது யாரோட கணக்குன்னு பாக்கும். அப்புறம் அந்த ஆளோட ஃபோல்டர்ல ஒளிஞ்சிருக்கிற செட்டிங்ஸ படிக்கும். நான் புரோகிராம மட்டும் தூக்கிட்டு அத விட்டுட்டேன். நிபுணர்ல."

ஒருமுறை யாருடைய கல்யாணப் படங்களையோ அழித்துவிட்டு வாங்கிய திட்டு நினைவிருந்ததால், ஒளிந்திருந்ததை முதலில் பென்டிரைவில் நகலெடுத்தான். பிறகு அழித்தான். திறந்தான். வெள்ளைப் பக்கம், பொடி எழுத்து, திரை முழுக்க.

ஆண்ட்டி வெகுநேரம் பார்த்தார்.

"வலது பாதி எனக்கு, தம்பி. அவரு தட்டிக்கிட்டிருப்பாரு, நான் பக்கத்துல சமையல் வீடியோ பாப்பேன். திருப்பி வச்சிடு. பாதர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

நகலைத் திறந்து பார்த்தான்: எழுத்தளவு 22. அதையே பழைய இடத்தில் வைத்தான். மஞ்சள் வந்தது, இடப்பாதி வந்தது. எழுத்து மட்டும் முன்பைவிடப் பெரிதாகத் தெரிந்தது. 24. பென்டிரைவில் இன்னும் 22தான். மூடித் திறந்தான். 26.

தினேஸ்வரன் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"அவருக்குக் கண்ணு இன்னும் மங்கிக்கிட்டே வருது போல," என்றார் ஆண்ட்டி. குரலில் பயமே இல்லை; அது மொத்தமும் தினேஸ்வரனிடம் வந்து சேர்ந்திருந்தது. இன்னொரு நாற்காலியை இழுத்து, திரையின் வலப்பக்கமாகப் போட்டு உட்கார்ந்தார்.

"எந்திரி, தம்பி. அது அவரு நாற்காலி."