இடது கால் பெருவிரல்

ஆட்டப் படம் என்றால் மாயவனுக்கு உயிர். பேய்ப் படம், காதல் படம், குடும்பப் படம் எதையும் சீண்ட மாட்டான். குத்துச்சண்டையோ ஓட்டப்பந்தயமோ கபடியோ, படத்தில் ஓர் ஆட்டம் இருக்க வேண்டும். கடைசியில் ஒருவன் ஜெயிக்க வேண்டும். கல்வராயன் மலைக்குக் கடுக்காய் பொறுக்கப் போகும்போதுகூட செல்போனில் ஒரு படத்தை ஏற்றிக்கொண்டுதான் போவான். "அப்பிடி இன்னாதான்யா இருக்குது அதுல?" என்று அவன் பெண்டாட்டி ஆயம்மாள் தலையில் அடித்துக்கொள்வாள்.

அதே கேள்வியைத்தான் தனசேகரனும் வந்து கேட்டான். நைனார்பாளையத்தில் பாதிப் பேருக்குக் கூலி கொடுக்கும் கந்தசாமியின் ஒரே மகன் அவன். சென்னையில் சினிமா படித்துவிட்டு வந்திருந்தான். அப்பனின் கரும்புக் காட்டில் காய்ந்த சோகை உரித்துக்கொண்டிருந்த மாயவனைக் கூப்பிட்டு வரப்பில் உட்காரவைத்து, டீயும் மசால் வடையும் கொடுத்து, செல்போனை அவன் வாய்க்கு நேராக நீட்டினான்.

"மாயவண்ணே, ஆட்டப் படம்னா ஒனக்கு ஏன் அவ்ளோ புடிக்குது? மனசு வுட்டுச் சொல்லு. நானும் ஒரு படம் எடுக்கப்போறேன். நம்ம ஊரு கபடியில கப்பு வாங்கன கதை."

கேட்டவுடன் நம்பினான் பாருங்கள், அங்கேதான் கெட்டான் மாயவன். வடைக்கு மயங்கின எலி எந்தக் காலத்தில் பிழைத்திருக்கிறது?

"தம்பி, வெளிய இருக்கச்ச ஒங்கப்பா எனக்கு ஐயா. கோட்டுக்குள்ள எறங்கிட்டா கந்தா. 'கந்தா, காலப் புடி! கந்தா, பின்னால வரான்!'னு கத்தணும். அங்க போயி ஐயா மொதலாளின்னு இழுத்துக்கினு நின்னா எதிராளி ஓடிப்பூடுவான். அது எங்க ஆட்டத்துல சட்டம். ஆட்டம் முடியற வரைக்கும் அவரு கந்தன், நான் மாயவன். படத்துலயும் அதான் தம்பி. கோட்டுக்குள்ள எறங்கனவன எவன் புள்ள, எந்தத் தெருன்னு எவனும் கேக்கறதில்ல. அதப் பாக்கத்தான் பாக்கறேன்."

பிறகு அந்தக் கதையைச் சொன்னான். ஒரு நாள் இல்லை, மூன்று நாள் சொன்னான். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் ரிஷிவந்தியத்தில் நடந்த கபடிப் போட்டியின் கடைசி ஆட்டம். எதிரே எலவனாசூர்கோட்டை அணி. இரண்டு பக்கமும் சமமான புள்ளி, மூச்சுப் பிடித்துப் பாடிப் போக மிச்சம் இருந்தது ஒரே பாட்டு. கேப்டன் கந்தசாமி அவுட்டாகிக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதான். மாயவன் பாடிப் போனான். திரும்புகிற மாதிரி திரும்பி, இடது காலைப் பின்னால் வீசி, மூலையில் நின்றவனின் முட்டியில் ஓர் உதை கொடுத்தான். மூன்று பேர் மேலே விழுந்து அமுக்கினார்கள். மண்ணைப் பிராண்டிக்கொண்டு வந்து நடுக்கோட்டைத் தொட்டுவிட்டான். அந்த இழுபறியில் இடது கால் பெருவிரல் நகம் வேரோடு பிய்ந்து ரிஷிவந்தியத்து மண்ணோடு போயிற்று. அப்புறம் முளைக்கவே இல்லை.

எதிராளி ஒருவனைத் தொட்டுவிட்டு வந்தால் நம் பக்கம் அவுட்டானவன் ஒருவன் எழுந்து உள்ளே வரலாம். அப்படி எழுந்து ஓடிவந்த கந்தசாமிதான் கோப்பையைத் தூக்கினான். போட்டோக்காரன் அதைப் பிடித்தான். காலைத் தண்ணீர் வாளிக்குள் விட்டுக்கொண்டு ஓரமாய் உட்கார்ந்திருந்த மாயவன் போட்டோவில் விழவில்லை. அந்தப் போட்டோ பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு இன்றைக்கும் கந்தசாமி வீட்டு நடுக்கூடத்தில் தொங்குகிறது. பார்க்கிறவர்களெல்லாம் உதைத்தது அவர்தான் என்று சொல்லச் சொல்ல, அவரும் இல்லையென்று சொல்லவில்லை. தெரிந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. நாளைக்கு வேலைக்குப் போக வேண்டுமே. மாயவனுக்குக் காணி நிலம் கிடையாது, நகைநட்டு கிடையாது. இந்த ஜென்மத்தில் அவனுக்கென்று இருந்தது அந்த ஓர் உதைதான். அது படமாக வரப்போகிறது என்று பச்சைப்பிள்ளை மாதிரி பூரித்துப்போனான். நடிக்க வந்த பையனுக்கு வெட்டி முடித்த கரும்புக் கொல்லையில் நின்று எப்படி உதைப்பது என்று சொல்லியும் கொடுத்தான்.

படம் தயாரானதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கல்யாண மண்டபத்து ஜன்னல்களில் போர்வையைக் கட்டி மறைத்துப் படத்தைப் போட்டார்கள். முன்வரிசையில் வெள்ளைப் பேன்ட்டும் பளபளக்கும் புது ஷூவுமாகக் கந்தசாமி. பக்கத்தில் பட்டுப்புடவையில் அவர் மனைவி கமலா. மாயவன் இஸ்திரி போட்ட சட்டையில், ஆயம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்து வாசல் ஓரமாய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தான்.

படம் ஓடியது. உதைத்தவன் பெயர் கந்தன். கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து துண்டைக் கடித்துக்கொண்டு மூக்கு ஒழுக அழுதவன் பெயர் மாயன்.

மாயன் அழ அழ மண்டபம் குலுங்கிச் சிரித்தது. கந்தன் உதைத்ததும் அந்த மாயன் எழுந்து ஓடிவந்து கந்தன் காலில் விழுந்தான். அதற்கும் சிரிப்பு. "யோவ், ஒன்ன மாதிரியே வெச்சிருக்காங்கய்யா" என்று ஆயம்மாள் முதலில் சொன்னாள். பிறகு புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசியில் வயதான கந்தனின் காலைத் திரை முழுக்கக் காட்டினார்கள். நகமில்லாத பெருவிரல். 'அந்த நகம் திரும்ப முளைக்கவே இல்லை' என்று தனசேகரன் குரல் உருகியது. கமலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று.

விளக்கைப் போட்டதும் தனசேகரன் மைக்கோடு இறங்கி வந்தான். "படத்துக்கு ஐடியா குடுத்த நம்ம மாயவண்ணன் ரெண்டு வார்த்தை பேசுவாரு. அண்ணே, ஆட்டப் படம் ஏன் புடிக்கும்னு சொல்லுங்கண்ணே!"

மாயவன் எழுந்தான். வாசலில் கோலம் போட்ட மாவுக் கிண்ணம் அங்கேயே கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு நேராக முன்வரிசைக்கு வந்து, கந்தசாமிக்கு முன்னால் தரையில் சுவருக்குச் சுவர் வெள்ளையாய் ஒரு கோடு இழுத்தான். உள்ளூர்க்காரர்களுக்கு விளங்கிவிட்டது. அந்த ஊர் ஆட்டத்தில் தகராறு வந்தால் நடுவர் பேச்சு எடுபடாது. சம்பந்தப்பட்டவன் வெறுங்காலோடு கோட்டில் ஏறி, குனிந்து தொட்டுச் சொல்ல வேண்டும். பொய்யாகத் தொட்டவனுக்கு அடுத்த பாட்டில் பாதியிலேயே மூச்சு அறுந்துவிடும் என்று நம்பிக்கை.

மாயவன் செருப்பை உதறிவிட்டுக் கோட்டில் ஏறினான்.

"கந்தா! எழுந்து வா. கோட்டத் தொட்டுச் சொல்லு. ஒதச்சது யாரு? வெளிய குந்திக்கினு அழுதது யாரு?"

மண்டபமே அரண்டுபோயிற்று. கந்தசாமிக்கு முகம் சிவந்தது. "யார்ரா கந்தா? கூலிக்கு வர நாயி, பேரு சொல்லிக் கூப்புடற அளவுக்கு வந்துட்டியா? செருப்பு பிஞ்சிடும்!"

"அது வெளியில. இப்ப நான் கோட்டு மேல நிக்கறேன். தொட்டுச் சொல்லு."

தனசேகரன் குறுக்கே புகுந்தான். "அண்ணே, இது சினிமாண்ணே. கொஞ்சம் அப்பிடி இப்பிடி மாத்தறதுதான்."

"நீ பேசாதடா! பேர மாத்தன, அழுதவன மாத்தன. நகத்த மட்டும் ஏன்டா மாத்தாம வுட்ட?"

இத்தனைக்கும் மேல் கமலாவால் பொறுக்க முடியவில்லை. கட்டின புருஷனை ஒருவன் ஊர் நடுவில் பேர் சொல்லி அதட்டுகிறான், இந்த மனுஷன் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறாரே என்று அவளுக்கு ஆத்திரம். "இன்னாத்துக்குக் குந்திக்கினு இருக்கீங்க? போயி தொட்டுச் சொல்லி இவன் வாய அடைங்க. ஷூவக் கழட்டுங்க."

"சும்மா இருடி."

"நான் ஏன் சும்மா இருக்கணும்? ஒங்களுக்குத்தான் குனிய முடியலன்னா, குடுங்க நான் கழட்டறேன்." குனிந்து இடது கால் ஷூவின் நாடாவைப் பிடித்து இழுத்தாள். கந்தசாமி காலை வெடுக்கென்று நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

கமலாவின் கை நாடாவோடு அப்படியே நின்றது.

"போன பொதங்கெழம நாந்தான ஒங்களுக்குக் காலு நகம் வெட்டிவுட்டேன்" என்றாள். முதலில் தனக்குத்தானே சொல்வது போலத்தான் சொன்னாள். பிறகு நிமிர்ந்து, ஊருக்கே கேட்கும்படி கேட்டாள். "பத்து வெரலுக்கும் வெட்டனேனே. எந்த வெரல்லங்க நகம் இல்ல?"

பின்னாலிருந்து ஒருவன் களுக்கென்று சிரித்தான். அடுத்த நிமிஷம் மண்டபம் முழுக்கச் சிரித்தது. மாயனைப் பார்த்துச் சிரித்த அதே வாய்கள்தான். மாயவன் சிரிக்கவில்லை. வேட்டியைத் தூக்கி இடது காலைக் கமலாவுக்கு முன்னால் நீட்டினான். அவள் அதைப் பார்த்தாள். புருஷனை அதற்கப்புறம் பார்க்கவே இல்லை.

கந்தசாமி எழுந்தார். வாசலுக்குப் போக அந்தக் கோட்டின் பக்கமே போகாமல் வழி இருந்தது. நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு, அவிழ்ந்த நாடா தரையில் இழுபட, அந்த வழியாகப் போனார். படியில் இறங்கினதும்தான் வீரம் வந்தது. திரும்பி நின்று கத்தினார்.

"டேய்! நாளையிலேருந்து என் கொல்லையில காலு வெச்ச, அந்தக் காலயே ஒடச்சுப்புடுவேன்!"

மாயவன் கோட்டிலிருந்து இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்திருந்தான். ஆயம்மாள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "யோவ், வெளிய வந்துட்டய்யா. ஐயான்னு ஒரு வார்த்த சொல்லிடு. பொழப்பு போவுதுய்யா."

மாயவன் அவள் கையை மெல்ல எடுத்துவிட்டான்.

"வெக்க மாட்டேன், கந்தா" என்றான்.